5,000 கோடி மார்க்கும் ஒரு கிண்ணம் தண்ணீரும்

எங்கள் பழைய தபால்தலை ஆல்பத்தில் ஜெர்மனிக்கு ஒதுக்கிய பக்கத்தில் 5,000 கோடி மார்க் மதிப்புள்ள தலை ஒன்று இருக்கிறது. முத்திரை விழாத புதிய தலை. நூறாண்டு கடந்தும் பின்புறப் பசைகூட உதிரவில்லை. அதற்கு நாங்கள் கொடுத்த விலை கால் ரூபாய்க்கும் குறைவு.

1970களின் பிற்பகுதி அது. மதுரைப் புது மண்டபத்துத் தூண்களுக்கிடையே அப்போது பாடநூல் கடைகளும் பாத்திரக் கடைகளும் தையல்காரர்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். பின்னாளில் அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. அந்த நாளில் அங்கே ஒரு கடையில் நோட்டுப் புத்தகங்களோடு அயல்நாட்டுத் தபால்தலைகளும் கண்ணாடித்தாள் பொட்டலங்களில் தொங்கும். நாங்கள் மூவர், மூவருக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. காசைச் சேர்த்துப் பொட்டலம் வாங்கி, வடக்கு மாசி வீதியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்வோம். எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் ஹங்கேரியும் போலந்தும் இருக்கும். கூடவே வட்டப் பூவேலைப்பாட்டின் நடுவே பெரிய எண் அச்சிட்ட ஜெர்மானியத் தலைகளும் நாலைந்து உதிரும்.

மில்லியார்டன் என்றால் நூறு கோடி என்று அகராதி பார்த்து அறிந்த அன்று எங்களுக்கு உறக்கம் வரவில்லை. எங்களில் ஒருவன் அதைத் தன் தாய்மாமனிடம் காட்டி, "மாமா, இதைக் குடுத்தா ஜெர்மனியில வீடு வாங்கலாமா?" என்று கேட்டான். மளிகைக் கடையில் கணக்கெழுதியவர் அவர். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வாங்குன காசுக்கு ஒரு டீ குடிச்சிருக்கலாம்டா மாப்ள" என்றார். அவர் சொன்னது பொருளாதார வரலாற்றின்படியும் சரியான விடைதான் என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின.

* * *

1914ஆம் ஆண்டு ஜெர்மனிக்குள் ஒரு சாதாரணக் கடிதம் அனுப்ப 10 ஃபெனிக் போதும். நூறு ஃபெனிக் ஒரு மார்க். ஒரு டாலருக்கு 4.20 மார்க். அவ்வாண்டு ஆகஸ்டில் போர் மூண்டதும் காகித மார்க்குக்குப் பொன் தரும் கடமையிலிருந்து நாட்டின் மைய வங்கி விடுவிக்கப்பட்டது. போர்ச்செலவை வரியால் ஈடுகட்டாமல் கடன் பத்திரங்களாலும் அச்சுப் பொறியாலும் ஈடுகட்டினார்கள். வென்றால் தோற்றவனிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. 1918இல் தோற்றது ஜெர்மனியே. 1921இல் நேச நாடுகள் விதித்த போர் இழப்பீடு 13,200 கோடிப் பொன் மார்க்.

இழப்பீட்டுத் தவணை தவறியதைக் காட்டி 1923 ஜனவரி 11 அன்று பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழிற்பகுதிக்குள் நுழைந்தன. அங்கே தொழிலாளர்கள் வேலை செய்ய மறுத்தார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்கும் பொறுப்பை பெர்லின் அரசு ஏற்றது. நிலக்கரியும் இரும்பும் நின்றுபோயின. கூலி மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கூலிக்கான நோட்டை அடிக்க நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் அச்சகங்கள் இரவும் பகலும் ஓடின. அதன்பின் நடந்ததைத் தபால் கட்டணத்தைக் கொண்டு சொல்வதே எளிது என்று தோன்றுகிறது.

1923 ஜனவரி 15இல் உள்நாட்டுக் கடிதத்துக்கு 50 மார்க். மார்ச் முதல் தேதி 100. ஜூலை முதல் தேதி 300. ஆகஸ்ட் முதல் தேதி 1,000. அதே மாதம் 24ஆம் தேதி 20,000. செப்டம்பர் முதல் தேதி 75,000. இருபதாம் தேதி இரண்டரை லட்சம். அக்டோபரில் மூன்று முறை மாறியது: முதல் தேதி 20 லட்சம், பத்தாம் தேதி 50 லட்சம், இருபதாம் தேதி ஒரு கோடி. நவம்பரில் ஐந்து முறை: முதல் தேதி 10 கோடி, ஐந்தாம் தேதி 100 கோடி, பன்னிரண்டாம் தேதி 1,000 கோடி, இருபதாம் தேதி 2,000 கோடி, இருபத்தாறாம் தேதி 8,000 கோடி. டிசம்பர் முதல் தேதி 10,000 கோடி.

இந்தப் பட்டியலை வாசிக்கையில் எண்களின் பருமனைவிடத் தேதிகளுக்கிடையே உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டுகிறோம். முதலில் மாதங்கள், பிறகு வாரங்கள், கடைசியில் நாட்கள். வாழ்நாள் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேமித்து ஒரு லட்சம் மார்க் வங்கியில் வைத்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியரை நினைத்துக்கொள்வோம். செப்டம்பர் தொடக்கத்தில் அவர் தம் மொத்தச் சேமிப்பையும் எடுத்து ஒரு கடிதம் அனுப்பியிருக்கலாம். அக்டோபரில் அதுவும் முடியாது.

நவம்பர் 15இல் ரென்டன்மார்க் என்ற புதிய நாணயம் வந்தது. நிலத்தின் மீதும் தொழில்களின் மீதும் ஏற்றிய அடமானமே அதற்கு ஆதாரம். அளவோடுதான் அச்சிடுவோம் என்ற உறுதியே அதன் உண்மையான பலம். நவம்பர் 20இல் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடிக் காகித மார்க் என்று நின்றது. ஒரு லட்சம் கோடிக் காகித மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க். பன்னிரண்டு பூஜ்யங்களை அழித்துவிட்டுப் பார்த்தால், டிசம்பர் முதல் தேதியின் 10,000 கோடி என்பது புதுக் கணக்கில் 10 ஃபெனிக். 1914இல் இருந்த அதே கட்டணம். எண்ணளவில் ஒன்றுமே நடக்கவில்லை. இடையில் ஒரு நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பு முழுவதும் காணாமல் போயிருந்தது, அவ்வளவுதான்.

* * *

கட்டணம் இந்த வேகத்தில் ஓடும்போது தபால்தலை எப்படிப் பின்தொடரும்? ஒரு தலையை வரைந்து, அச்சுத் தகடு செய்து, அச்சடித்து, ஊர் ஊராக அனுப்பி வைப்பதற்குள் அதன் மதிப்பு பயனற்றுப் போகும். ஆகவே பழைய தலைகளின் மேலேயே புதிய மதிப்பை அச்சிட்டார்கள். 40 ஃபெனிக் தலையின் மேல் 5,000 மார்க். 15 ஃபெனிக் தலையின் மேல் 4 லட்சம். பிறகு மில்லியன் தலைகள் வந்தன. அவையும் காலாவதியாகி, அவற்றின் மேல் மில்லியார்டு அச்சிட வேண்டியதாயிற்று.

முந்தைய வரிசைகளில் கொல்லர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், கதிர் அறுப்போர் என்று மனிதர்கள் இருந்தார்கள். கடைசி வரிசையில் மனிதர்களே இல்லை. வட்டப் பூவேலைப்பாடும் நடுவே ஓர் எண்ணும் மட்டுமே. கூடையின் மூடியைப் போலிருப்பதால் ஜெர்மானியச் சேகரிப்பாளர்கள் இதைக் 'கூடைமூடி' வரிசை என்பார்கள். ஐந்து லட்சத்தில் தொடங்கி 5,000 கோடியில் முடிகிறது. அச்சு வேலை தனியார் அச்சகங்களுக்கும் போனது. ஓரத்தில் துளையிட அவகாசமின்றி வெறுமனே கீறல் போட்டு அனுப்பிய தாள்களும் உண்டு.

அப்படியும் போதவில்லை. தபால்தலையால் உறையின் முன்புறம் நிறைந்து, பின்புறமும் நிறைந்து, மேலே தாள் ஒட்டி அதிலும் தலைகளை ஒட்டினார்கள். தலையே கிடைக்காத ஊர்களில் ஊழியர் பணத்தை வாங்கிக்கொண்டு 'கட்டணம் செலுத்தப்பட்டது' என்று கையால் எழுதியோ முத்திரையிட்டோ அனுப்பினார். நவம்பர் 26ஆம் தேதி கட்டணம் நான்கு மடங்கானபோது, மாத இறுதி வரைக்கும் ஒவ்வொரு தலையும் அதில் அச்சிட்டுள்ளதைப்போல நான்கு மடங்கு மதிப்புடையதாகக் கொள்ளப்படும் என்று தபால் துறை அறிவித்தது. 2,000 கோடித் தலை ஒன்று 8,000 கோடிக் கடிதத்தைச் சுமந்து போயிற்று. தலையில் அச்சிட்ட எண்ணை அதை வெளியிட்ட துறையே நம்ப வேண்டாம் என்று சொன்ன ஐந்து நாட்கள் அவை.

இந்தத் தலைகள் மதுரைச் சிறுவர்களின் கைக்கு எட்டியதன் காரணமும் இதுவே. கோடிக்கணக்கில் அச்சிட்டு, விற்பதற்குள் செல்லாமல் போனவை மலையாகக் குவிந்தன. அவை வணிகர்களின் கைக்கு வந்து, பொட்டலங்களாகி, உலகமெங்கும் பிள்ளைகளின் ஆல்பத்துக்குள் போயின. அந்தத் தலைமுறையின் சேகரிப்பாளர்களில் இவற்றைத் தொடாதவர் அரிது.

* * *

பொதுவாகத் தபால்தலை உலகில் முத்திரை விழாத புதிய தலைக்கே விலை அதிகம். 1923இன் ஜெர்மானியத் தலைகளில் பல இதற்கு நேர்மாறானவை. புதியது சில காசுக்குக் கிடைக்கும். அதே தலை, அது செல்லுபடியான சில நாட்களில் உண்மையாகவே ஒரு கடிதத்தில் ஒட்டப்பட்டு முத்திரை வாங்கியிருந்தால் பல மடங்கு விலை. அந்தத் தேதிக்கு உரிய சரியான கட்டணத்தோடு முழு உறையாகக் கிடைத்தால் அதைவிடவும் மேல்.

விலை இப்படிக் கவிழ்ந்து கிடப்பதால் மோசடியும் கவிழ்ந்தே நடக்கிறது. மற்ற நாட்டுத் தலைகளில் முத்திரையை அழிக்கப் பார்ப்பார்கள்; இங்கே முத்திரையைக் குத்தப் பார்க்கிறார்கள். புதிய தலையின் மேல் போலி முத்திரை குத்தினால் ஒரே நொடியில் அதன் விலை ஏறிவிடும். பழைய அசல் முத்திரைக் கருவியைப் பிற்காலத்தில் எடுத்து, பழைய தேதியை வைத்துக் குத்தியவையும் உண்டு. இதனாலேயே பணவீக்கக் காலத் தலைகளை ஆராய்வதற்கென்று 1932இல் பெர்லினில் 'இன்ஃப்லா பெர்லின்' என்ற சங்கம் தோன்றியது. தேர்ந்த நிபுணர் ஆராய்ந்து, தலையின் பின்புறம் சிறு அடையாளம் இட்டுத் தந்தால்தான் முத்திரை விழுந்த தலைக்குச் சந்தையில் மதிப்பு.

முத்திரைக்கு ஏன் இவ்வளவு மரியாதை? 5,000 கோடி என்று அச்சிடுவதற்கு மையும் காகிதமும் போதும். அந்த எண் யாருக்கும் எதையும் செய்யவில்லை. முத்திரை விழுந்த தலையோ வேறு. இன்ன ஊரில், இன்ன நாளில், ஒருவர் தம் கையிலிருந்த காகிதத்தைக் கொடுத்தார். அது அன்றைக்குச் செல்லுபடியாயிற்று. கடிதம் போய்ச் சேர்ந்தது. பணத்தின் மேல் நம்பிக்கை முற்றிலும் அழிந்துவிட்ட மாதங்களிலும் தபால்காரர் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்பதற்கு அந்தக் கருவளையம் சாட்சி. இது எங்களுக்குக் காலம் கடந்து தெரிந்தது. எவ்வளவு கடந்து என்பதைச் சொல்ல எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

* * *

எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். தரங்கம்படிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். அவருடைய தகப்பனாரும் மிஷன் பள்ளியில் ஆசிரியர். தமிழகத்தில் லைப்சிக் மிஷனின் பணி 1840இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. முதல் உலகப் போரின்போது அதன் ஜெர்மானிய ஊழியர்கள் காவலில் வைக்கப்பட்டு நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள். 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனியே அமைந்தது. அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர் ஊர் திரும்பிய பிறகும் ஆசிரியரின் தகப்பனாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாராம். தமிழிலேயே எழுதுவாராம்.

நாங்கள் தபால்தலை சேர்ப்பதை அறிந்த ஆசிரியர் ஒருநாள் கூப்பிட்டு ஓர் உறையைக் கொடுத்தார். முன்புறம் ஊதா மையில் முகவரி. பின்புறம் முழுவதும் தபால்தலைகள், மொத்தம் பதினொன்று. அவற்றில் 'கூடைமூடி'களும் இருந்தன, மேலச்சுப் பெற்றவையும் இருந்தன. எல்லாவற்றின் மேலும் முத்திரை குறுக்கும் நெடுக்குமாக ஓடியது.

"கடுதாசிய நான் வச்சுக்கிறேன், உறைய நீங்க வச்சுக்கங்க. பிரிக்காம அப்படியே வைங்க தம்பி" என்றார் அவர்.

"சரி சார்" என்று வாங்கி வந்தோம். அன்று மாலையே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து உறையை ஊறப்போட்டோம்.

ஆல்பத்தில் ஒட்ட வேண்டுமானால் தலையைப் பிரித்தாக வேண்டும். அதுவே எங்களுக்குத் தெரிந்த விதி. அரை மணியில் தலைகள் மிதந்து வந்தன. ஊதா மை கரைந்து தண்ணீர் நாவற்பழச் சாறு போலாயிற்று. உறை கூழாகிவிட்டது, சாக்கடையில் ஊற்றினோம். தலைகளைச் செய்தித்தாளில் உலர்த்திப் பங்கு போட்டோம். முத்திரை விழுந்த தலைகளைவிடப் புதியவையே அழகென்று நினைத்ததால், மூன்றைப் பள்ளித் தோழன் ஒருவனிடம் கொடுத்து ஒரு முக்கோணத் தலை வாங்கினோம். அந்த முக்கோணம் இப்போது எங்கே என்று தெரியவில்லை.

மிஞ்சியவை எட்டு. அவற்றில் ஒன்றில் லைப்சிக் என்ற பெயரின் நடு எழுத்துகள் இருக்கின்றன. இன்னொன்றில் தேதியின் பின்பாதி: பதினொன்றாம் மாதம், இருபத்து மூன்றாம் ஆண்டு. நாள் இருந்த பகுதி அடுத்த தலையில் விழுந்திருக்கிறது. அந்த அடுத்த தலை தோழனிடம் போன மூன்றில் ஒன்று.

நவம்பர் 1923இல் ஐந்து கட்டணங்கள் இருந்தன என்று மேலே சொன்னோம். வெளிநாட்டுக் கடிதத்துக்கான கட்டணமும் அதே தேதிகளில்தான் ஏறியது. பதினொரு தலைகளும் ஒன்றாக இருந்திருந்தால், கூட்டிப் பார்த்தே அந்தக் கடிதம் எந்த வாரத்தில் புறப்பட்டது என்று சொல்லிவிடலாம். கூட்டுத்தொகை அந்தக் கட்டணத்தில் கால்பங்காக இருந்தால் கடைசி ஐந்து நாட்களில் ஒன்று என்றும் தெரிந்திருக்கும். ரொட்டி வாங்கவே கட்டுக்கட்டாக நோட்டு வேண்டியிருந்த ஒரு மாதத்தில், வேறு கண்டத்திலிருந்த பழைய சக ஊழியர் ஒருவருக்குக் கடிதம் எழுத ஒருவர் எவ்வளவு கொடுக்கத் துணிந்தார் என்ற கணக்கு அந்த உறையில் முழுதாக இருந்தது. ஒரு கிண்ணம் தண்ணீரில் அதைக் கரைத்தவர்கள் நாங்கள்.

ஆசிரியர் சில மாதங்கள் கழித்து, "உறை பத்திரமா இருக்கா தம்பி?" என்று கேட்டார். "இருக்கு சார்" என்றோம். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பொய்யை அவரிடம் திருத்திச் சொல்லவில்லை.

* * *

ஜெர்மானியப் பணவீக்கத்தைப் பற்றிய இலக்கியத்தில் ஸ்டெஃபான் ஸ்வைக் 1925இல் வெளியிட்ட 'கண்ணுக்குத் தெரியாத சேகரம்' என்ற சிறுகதை எங்களால் மறக்க முடியாதது. வாழ்நாள் முழுக்கச் செதுக்கோவிய அச்சுப்படிகளைச் சேர்த்த முதியவர் ஒருவர், பார்வை இழந்துவிட்டார். பணவீக்கம் வந்தபோது மனைவியும் மகளும் வயிற்றுப்பாட்டுக்காக அவர் அறியாமல் படங்களை ஒவ்வொன்றாக விற்கிறார்கள். விற்ற பணம் கைக்கு வருவதற்குள் மதிப்பிழக்கிறது. விற்ற படத்தின் இடத்தில் அதே கனமுள்ள வெற்றுத்தாளை வைக்கிறார்கள். பெர்லினிலிருந்து வந்த கலைப்பொருள் வணிகரிடம் முதியவர் ஒவ்வொரு தாளையும் விரலால் தடவி, அதில் இல்லாத படத்தின் அழகை விவரிக்கிறார். வந்தவரும் உண்மையைச் சொல்லாமல் வியந்து கேட்கிறார்.

இந்தக் கதையை அன்பின் கதையாகப் படிப்பது வழக்கம். அதில் ஒரு பொருளாதாரக் குறிப்பும் இருக்கிறது என்று நினைக்கிறோம். 1923இல் ஜெர்மனியில் எல்லாருடைய கையிலும் இருந்தது வெற்றுத்தாள்தான். அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரைக்கும் வாழ்க்கை நடந்தது. முதியவர் ஒருவருக்கு மட்டும் கடைசிவரை அந்த நினைப்பு கலையவில்லை.

* * *

இதெல்லாம் எங்கோ நடந்தது, நம் ஊருக்கு என்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் ஆள் போகாத ஊர்கள் குறைவு. தோட்ட வேலைக்குப் போனவர்கள், கடை வைத்தவர்கள், கிழக்கே காரைக்குடிப் பக்கத்திலிருந்து வட்டித்தொழிலுக்குப் போன நகரத்தார்கள் என்று பலவகை.

1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர்கள் தங்கள் டாலர் நோட்டை அச்சிட்டார்கள். பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருந்ததால் அந்தப் பணத்துக்கே வாழை நோட்டு என்று பெயராகிவிட்டது. போகப்போக வரிசை எண்கூட இல்லாமல் அச்சிட்டுத் தள்ளினார்கள். விலைவாசி அதற்கேற்ப ஏறியது. தபால்தலைகளில் ஜெர்மனியில் நடந்ததே இங்கும் நடந்தது: ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகத்தின் மேல் ஜப்பானிய எழுத்துகளும், ஜப்பானிய அரச ஆண்டான 2602 என்ற எண்ணும் ஏறின. 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது வாழை நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். பர்மாவில் புழங்கிய ஜப்பானிய ரூபாய்க்கும் அதே கதி.

எங்களில் ஒருவனுடைய அப்பத்தா மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். அவருடைய தகரப் பெட்டியின் அடியில் வாழை நோட்டுக் கட்டு ஒன்று கிடந்தது. பினாங்கில் கடை வைத்திருந்த அவருடைய கணவர் கொண்டு வந்தது. "அதுல மூணு வருச உழைப்பு இருக்குய்யா, தூக்கிப் போடாதீக" என்பார். வாங்க முடியாததை அறிந்துதான் வைத்திருந்தார். நாங்கள் அப்போது அதை அறியாமை என்று நினைத்தோம்.

கடன் கொடுத்தவர்களின் துயரம் வேறு வகை. ஜெர்மனியில் போருக்கு முன் பொன் மார்க்கில் அடமானக் கடன் வாங்கியவர்கள் 1923இல் காகித மார்க்கைக் கொடுத்துப் பத்திரத்தை மீட்டுக்கொண்டார்கள். மார்க்குக்கு மார்க் சரி என்றது பழைய சட்டம். 1923 நவம்பர் 28 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது நியாயமல்ல என்று தீர்ப்பளித்தது. 1925இன் மறுமதிப்புச் சட்டம் அடமானக் கடனுக்குப் பொன் மதிப்பில் நூற்றுக்கு 25 என்று வகுத்தது. மலாயாவிலும் இதே கேள்வி எழுந்தது. போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை வாழை நோட்டில் தீர்த்தால் கடன் தீர்ந்ததா? நகரத்தார் கடைகளின் பேரேடுகளுக்கு இது உயிர்க் கேள்வி. 1948இல் அங்கே கடனாளி, கடன் கொடுத்தவர் தொடர்பான ஆக்கிரமிப்புக் காலச் சட்டம் வந்தது. ஜப்பானிய டாலரின் மதிப்பு மாதத்துக்கு மாதம் எவ்வளவு குறைந்தது என்ற அட்டவணை அந்தச் சட்டத்தில் உண்டு. லைப்சிக் உறையின் தேதி எவ்வளவு முக்கியமோ, பினாங்குக் கணக்கிலும் தேதி அவ்வளவு முக்கியமாயிற்று. எந்த மாதம் கொடுத்தாய் என்பதைப் பொறுத்தே கொடுத்தது பணமா காகிதமா என்று முடிவாயிற்று.

* * *

சில ஆண்டுகளுக்கு முன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றி வந்தோம். பிரித்து விற்ற வீடுகளின் கதவுகளும் பீங்கான்களும் எனாமல் கிண்ணங்களும் குவிந்திருந்தன. ஒரு கடையில் அட்டைப்பெட்டி நிறையக் கடித உறைகள். ரங்கூன், பினாங்கு, ஈப்போ, கொழும்பு. பெரும்பாலானவற்றில் வலது மேல்மூலை கத்தரிக்கப்பட்டிருந்தது. தபால்தலையைத் தனியே வெட்டி எடுத்திருக்கிறார்கள். தலை எங்கோ ஓர் ஆல்பத்தில் முகவரி இல்லாமல் இருக்கும். உறை இங்கே தேதி இல்லாமல் இருந்தது. நாங்கள் கிண்ணத்தில் செய்ததைக் கத்தரிக்கோல் செய்திருக்கிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரத்தை அடிப்படையாகக் கொண்டே 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. பிறர் குப்பை என்று ஒதுக்கியதில் ஒரு காலத்தின் அன்றாடம் இருக்கிறது என்று அறிந்தவர் அவர். நம் வீடுகளின் பரணிலும் தகரப் பெட்டியிலும் பர்மா, மலாயா, இலங்கைக் கடிதங்கள் இன்னும் கிடக்கக்கூடும். தலையைப் பிரிக்காதீர்கள், வெட்டாதீர்கள், ஊறப்போடாதீர்கள். உறையும் கடிதமும் சேர்ந்தே இருக்கட்டும். தனியே எடுத்த தலைக்குக் கடைக்காரர் தரும் விலை பெரும்பாலும் அன்றைய டீச்செலவுதான்.

எங்களிடம் எஞ்சிய எட்டுத் தலைகளையும் அண்மையில் ஆல்பத்திலிருந்து எடுத்தோம். முத்திரைக் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி, உறையில் இருந்திருக்கக்கூடிய வரிசையில் ஒரு வெள்ளைத் தாளில் அடுக்கிப் பார்த்தோம். ஆறு பொருந்தின. மற்ற இரண்டுக்கும் அண்டையில் இருந்தவை இல்லாததால் இடம் நிச்சயமில்லை. இழந்த மூன்றுக்கும் தாளில் இடம் விட்டிருக்கிறோம். ஸ்வைக்கின் முதியவரைப் போல அந்த வெற்றிடத்தை விரலால் தடவிப் பார்த்தபோது, அங்கே ஒரு நாள் இருந்தது என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. எந்த நாள் என்று தெரியவில்லை.